இறங்கிய சோபா மறுபடி ஏறிய கதை

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஜூலை முதலாம் திகதி. மொன்றியலில் அன்றைக்குப் பாதி நகரமே வீடு மாறும். நானும் ஒரு பழைய வான் வண்டியை வைத்துக்கொண்டு சாமான் ஏற்றி இறக்கும் தொழில் பார்த்தேன். பாரம் தூக்குகிறவனுக்குத் தோள் அகலமாக இருக்க வேண்டும். எனக்கு வயிறுதான் அகலம்.

அன்று கூப்பிட்டவர் கார்ட்டியர்வில்லில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. வெளிப்பக்கத்து வளைந்த இரும்புப் படிகளில் சோபாவோடு நான் இறங்கிய அழகுக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லாம் ஏற்றி முடித்து, வேர்வையைத் துடைத்தபடி, "எங்கை இறக்கிறது அண்ணை?" என்றேன்.

"தெரியாது தம்பி. நீர் ஓட்டும்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வானின் முன்னிருக்கையில் ஏறி, மடியில் தேத்தண்ணிக் கேத்தலை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

வானை எடுக்காமல் மெல்லக் கதை கொடுத்தேன். மனநோய்க்கு மருந்து எடுப்பவர். அரசாங்க உதவிப் பணத்திலிருந்து அவருடைய வாடகையை ஓர் உதவி நிலையம்தான் வீட்டுக்காரருக்கு நேரே கட்டி வந்தது. அந்த வசந்தத்தில் அந்த ஒழுங்கு நின்று, முழுப் பணமும் செக்காக அவர் கைக்கே வரத் தொடங்கியிருக்கிறது. "பிழையா வந்த காசு தம்பி. செக்கை மாத்தினா பிடிச்சுக்கொண்டு போவினம்" என்றார். செக்கும் மாறவில்லை, வாடகையும் போகவில்லை. வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் ஒளிந்திருக்கிறார். வீட்டைவிட்டுக் கலைத்துவிட முதல் தானே போய்விடுவோம் என்று சாமானைக் கட்டிவிட்டார்.

அதற்குள் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரரான இத்தாலியக் கிழவர் ஓடி வந்தார். என் பிரெஞ்சு, மூலைக்கடையில் பால் வாங்க மட்டுமே காணும். அதோடு கையையும் காலையும் சேர்த்து ஆட்டி முழுக் கதையையும் சொல்லி முடித்தேன். அண்ணை சட்டைப் பையிலிருந்து மடித்த செக்குகளை எடுத்து நீட்டினார். கிழவர் அவர் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கதவு திறக்காததால், உள்ளே ஆள் செத்துக் கிடக்கிறாரோ என்றுதான் தட்டினாராம். காசைப் பிறகு பார்ப்போம், மேலே போ என்றார்.

அண்ணை என்னைப் பார்த்தார். "அப்ப நான் இருக்கலாமோ?"

"ஓம் அண்ணை. ஆனா இந்தச் சோபாவை நீங்களும் ஒரு பக்கம் பிடிக்க வேணும். இல்லாட்டி என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்த இன்னொரு வான் பிடிக்க வேண்டி வரும்."

அப்போதுதான் சிரித்தார்.

மேலே போனதும் முதல் வேலையாக அந்தக் கேத்தலை அடுப்பில் வைத்து எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். அடுத்த கிழமை அந்தச் செக்குகளை மாற்ற அவரோடு வங்கிக்குப் போய் வரிசையில் நின்றேன். சில மாதங்களில் நான் தேவைப்படவில்லை. மாதம்தோறும் முதலாம் திகதியில் தானே படியிறங்கிப் போய் வாடகை கொடுத்தார்.

இப்போதும் வீடு மாற்ற யாராவது கூப்பிட்டால், கூலி பேச முதல் "போகத்தான் வேணுமோ?" என்று கேட்டுவிடுகிறேன், தொழிலுக்கு இது கூடாதுதான், ஆனாலும் மடியில் கேத்தலோடு ஒரு மனிதர் போக்கிடமில்லாமல் இருந்த அந்த முன்னிருக்கையை என்னால் கேட்காமல் கடக்க முடிவதில்லை.