டியூபை விடப் பெரிய குழி

உப்பளம் பகுதியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, இன்னும் வயிற்றெரிச்சல் அடங்காத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன்.

ரத்த டியூபை உடல் சூட்டில் வைத்திருக்கும் வெந்நீர்த் தொட்டியான எங்கள் வாட்டர் பாத் ஒழுக ஆரம்பித்ததும் ட்ரை பாத் வாங்கினார்கள். இதில் தண்ணீர் கிடையாது. சூடேறும் அலுமினியக் கட்டையில் குழிகள் இருக்கும். டியூபை அதில் செருக வேண்டும். எங்கள் டியூப் சன்னமானது. முதலாளியோ பெரிய குழி உள்ள கட்டையைத்தான் எடுத்தார்.

"பெருசா இருந்தா எல்லா டியூபும் போவும்மா. நாளைக்கே வேற டியூப் வந்தா என்னா பண்ணுவ?"

வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பது மாதிரி எடுத்தார். டியூப் ஆடியது. ஆடாமலிருக்கப் பஞ்சு சுற்றினோம். டிஸ்பிளே, வேண்டிய முப்பத்தேழு டிகிரியைக் காட்டியது. எல்லாருக்கும் திருப்தி.

இதய வால்வு மாற்றியவர்களுக்கு ரத்தம் உறையும் நேரத்தை அதில்தான் பார்த்தோம். சூடு குறைந்தால் உறைவது தாமதமாகும். ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துவிட்டதாக ரிப்போர்ட் போகும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை டாக்டர் குறைத்துவிடுவார். வீராம்பட்டினத்து மீனவர் முருகையனுக்கு அப்படித்தான் குறைத்தார்.

அந்த வாரம் வந்த எல்லாருக்கும் ரிசல்ட் ஏறியே இருந்ததால் சந்தேகப்பட்டு என் ரத்தத்தையே போட்டேன். அதுவும் தாமதம். டியூபில் தண்ணீர் ஊற்றித் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் முப்பத்திரண்டைத் தாண்டவில்லை. டிஸ்பிளே காட்டியது கட்டையின் சூட்டை; இடைவெளியும் பஞ்சும் அதை டியூபுக்குள் விடவில்லை. முதலாளியிடம் ஓடினேன்.

"இப்ப ஃபோன் பண்ணி தப்புன்னு சொன்னா நம்ம பேரு என்னா ஆவறது? டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ போயி வேலயப் பாரு."

நம்பினேன். அவர் பேசவே இல்லை.

சில நாளில் முருகையனின் மனைவி வந்து நின்றாள். "அவருக்கு வலது கை தூக்க வரலக்கா. பேச்சும் போயிடுச்சு. கோரிமேட்டு ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். பழைய ரிப்போர்ட் கேக்குறாங்க."

முதலாளி ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "மாத்திரைய ஒழுங்கா சாப்புட்டிருக்க மாட்டாரும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவரு ஒழுங்காத்தான் சாப்புட்டாரு. எங்க ரிப்போர்ட்டுதான் தப்பு. அத நம்பி மாத்திரையக் குறைச்சதாலதான் ரத்தம் உறைஞ்சு மூளைல அடைச்சிருக்கும். கோரிமேட்டு டாக்டர்கிட்ட அப்படியே சொல்லு," என்றேன். அன்றோடு என் வேலை போனது. முருகையனுக்குப் பேச்சு திரும்பவே இல்லை.

ட்ரை பாத் வாங்கப் போனால் உங்கள் டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள். குழியில் ஆடாமல் உட்கார வேண்டும். சூட்டை டியூபுக்குள் அளந்து பாருங்கள். தப்பு என்று தெரிந்தால் முதலில் நோயாளிக்கு ஃபோன் செய்யுங்கள். முதலாளிக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.