டிபன் பையில் போன கேமரா

எங்கள் வீட்டில் ஒரு கேமரா வாங்குவதா வேண்டாமா என்று ஒரு வாரம் முழுக்கப் பேசினோம். பேசி முடித்த இரண்டாம் நாள் வாங்கிவிட்டோம். அது என் சாமர்த்தியத்தால்தான் நடந்தது என்று பல வருஷம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் அந்தக் கதையை எடுத்தாலே அம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். மகள் பெருமையடிப்பது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஓசூரில் பாகலூர் ரோட்டை ஒட்டி ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு விருதுநகர்ப் பக்கம், அம்மாவுக்கு மத்தூர். அவர் ‘அங்கிட்டு’ என்பார், இவள் ‘சொல்லிக்கினு’ என்பாள், வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். எல்லாவற்றையும் கலந்து பேசி நான் பள்ளிக்கூடத்தில் கேலி வாங்கிக்கொண்டு வருவேன்.

அப்பா வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இரும்பைக் கடைகிற சி.என்.சி. மிஷின் ஓட்டினார். ஏழு வருஷமாகக் கான்ட்ராக்ட். அந்த வருஷம் பெர்மனென்ட் ஆகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் நிச்சயம் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். இன்டர்வியூ முடிந்து, டாக்டர் பரிசோதனையும் முடிந்து, நோட்டீஸ் போர்டில் பட்டியலை ஒட்டுவதுதான் பாக்கி. அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் எல்லாமே பெர்மனென்ட் ஆன பிறகுதான். பிரிட்ஜ், என் சைக்கிள், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, குளியலறை உள்ளேயே இருக்கிற வேறு வீடு, எல்லாம். விவரம் தெரிந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வார்த்தையின் மேல் நம்பிக்கையே போய்விட்டது. கடைக்காரர் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று எழுதி மாட்டியிருப்பாரே, அந்த நாளையைப் போலத்தான் இதுவும் என்று முடிவு கட்டியிருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பெங்களூரில் ஒரு பெரிய அதிகாரிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த சார் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குக் குடிபோவதால் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தாராம். கட்டிலும் பீரோவும் போன பிறகு மிஞ்சிய ஒரு கேமராவை மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சட்டைப் பையில் போடலாம் போன்ற சின்ன கேமரா. கருப்பு இரும்பு உடம்பு. கையில் எடுத்தால்தான் கனம் தெரியும்.

“அக்கா, கல்யாண வீட்டுல தோள்ல மாட்டிக்கினு வருவாங்களே, அந்தப் பெரிய கேமரா எடுக்கிற மாதிரியே இதுவும் எடுக்கும். ஒரு வாரம் வச்சிப் பாருங்க. வேணாம்னா அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கினு போறேன்” என்றார் மாமா. பழைய பொருள்தான் என்றாலும் அவர் சொன்ன விலை அப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அம்மா அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

அந்த வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. அப்பா அதைப் பரிசோதித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஊரில் மனிதர்கள் கேமரா வாங்கினால் பெண்டாட்டி பிள்ளையைப் படம் எடுப்பார்கள். இவர் தன் இரும்பு ஸ்கேலைத் தரையில் வைத்து எடுத்தார். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, “அரை மில்லி கோடுகூடத் தெரியுது பாரு” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. திருப்பினால் டிக் டிக் என்று நின்று நின்று திரும்பும். அதை எத்தனை தடவை திருப்பினார் என்று கணக்கே இல்லை. “எவன் கடைஞ்சானோ, கையெடுத்துக் கும்பிடணும். ஒரு பிசிறு இல்ல” என்றார். அப்பா சாமியைத் தவிர வேறு எதையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா இரண்டு நாள் பிகு பண்ணிவிட்டு மூன்றாம் நாள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். சிம்னி மாதிரி இருண்ட எங்கள் அடுப்படியில் விளக்குகூடப் போடாமல் எடுத்த படத்தில் அம்மா அவ்வளவு அழகாக இருந்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, “நானா இது” என்று மட்டும் கேட்டாள். அதோடு அவளும் என் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தீர்ப்புச் சொன்னார். “பொருள் தங்கமான பொருள். ஆனா இப்ப வேணாம். பட்டியல் வரட்டும். பெர்மனென்ட் ஆனதும் இதவிட நல்லதா புதுசாவே வாங்குவோம்.” அம்மா மறுபேச்சு பேசவில்லை. கட்சி மாறிவிட்டாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. மறுபடியும் அதே பெர்மனென்ட்.

இன்னொரு ஆத்திரமும் எனக்குள் ஏற்கெனவே இருந்தது. ஆயுத பூஜை அன்றைக்கு அந்தக் கம்பெனியில் குடும்பத்தை உள்ளே கூட்டிப்போய் மிஷினைக் காட்டுவார்கள். பொட்டு வைத்து, மாலை போட்டு, பொரி கடலையும் ஸ்வீட் பாக்கெட்டும் கொடுப்பார்கள். ஆனால் பெர்மனென்ட்காரர்களின் குடும்பத்துக்கு மட்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அப்பா பெர்மனென்ட். அவள் வருஷா வருஷம் போய் வந்து, “எங்கப்பா மிஷின் பச்சை. உங்கப்பாது என்ன கலர்?” என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. அப்பாவைக் கேட்டால் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்து காட்டுவார். பேனா மசியில் எல்லா மிஷினும் நீலம்தான்.

ஆகவே ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கத் திட்டம் போட்டேன். அப்பாவின் பிரியமெல்லாம் அந்த மிஷின் மேல்தான். அதையே ஒரு படம் எடுத்துவிட்டாரென்றால் அப்புறம் இந்தக் கேமராவைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வராது. எனக்கும் மிஷினின் கலர் தெரிந்துவிடும். கம்பெனிக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது என்பதும், அதற்காகவே அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் கேமரா இல்லாத பட்டன் போன் வைத்திருக்கிறார்கள் என்பதும் ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது. அவர்கள் கஞ்சர்கள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எனக்குக் காலாண்டு லீவு, அப்பாவுக்கு இரண்டாம் ஷிப்ட். ஒன்றேகால் மணிக்குக் கம்பெனி பஸ் வரும். அம்மா டிபன் பையைக் கட்டி வைப்பாள், நான் எடுத்துக்கொண்டுபோய் வாசலில் கொடுப்பேன். அன்றைக்குச் சோற்று டப்பாவைத் தூக்கி, அடியில் கேமராவைக் கைக்குட்டையில் சுற்றி வைத்தேன். ஒரு சீட்டும் எழுதினேன். ‘அப்பா, உங்கள் மிஷினை ஒரே ஒரு போட்டோ எடுத்து வரவும். இப்படிக்கு, உங்கள் அன்பு மகள்.’ பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்பா பையை வாங்கும்போது, “என்னத்தா, இன்னைக்குக் கனமா இருக்கு, அம்மா விருந்து வச்சிருக்காளா” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் திரும்பி வரும் முன்பே நான் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்தபோது அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. ஜலதோஷம் என்றாள். அப்பா குளித்து முடித்துச் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் எடுத்தீர்களா என்று கேட்டேன்.

“சீட்டைப் பாத்தேன். மிஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சும்மா, நிறுத்தி எடுக்க முடியல. கேமராவை ஒரு ஆள் பாக்கணும்னு வாங்கி வச்சிருக்காரு. அதனால என்ன, நாம அதை வாங்கிட்டோம். இனிமே அது நம்மளுது.”

மிஷினைப் பார்க்க முடியாத வருத்தம் ஒரு நொடிதான். வாங்கிவிட்டோம் என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்து வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்தான் முதலில் சொன்னேன். என் தந்திரம் பலித்துவிட்டது. வாங்குவதா வேண்டாமா என்று பெரியவர்கள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை நான் ஒரு கைக்குட்டையால் முடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்த மாமா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டே போனார். விலை அதிகமாகச் சொல்லிவிட்ட கூச்சம் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கேமரா ஒரு பழுப்புக் கவரில் வீட்டுக்கு வந்தது.

பதின்மூன்று வருஷம் கழித்து, படிப்பு முடித்து, நானே ஓசூரில் வேறொரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் நாள் கேட்டில் செக்யூரிட்டி என் போனை வாங்கி, கேமரா மேல் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டினார். “பிரிச்சீங்கன்னா வேலை போயிடும்மா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சரி அண்ணா என்று சிரித்தேன். இருபது அடி நடந்திருப்பேன். கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த பெண் என்மேல் மோதி, “என்னக்கா?” என்று கேட்டாள்.

அன்று சாயந்திரம் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் பையைத் திறந்தபோதுதான் அப்பா கேமராவைப் பார்த்திருக்கிறார். அப்போது அங்கே புதிதாக வரப்போகிற ஏதோ வண்டிக்கான பாகம் ஓடிக்கொண்டிருந்ததாம், கெடுபிடி அதிகமாம். கூட இருந்தவர்கள், சாக்ஸுக்குள்ள வச்சு வெளியே கொண்டுபோயிடுண்ணே என்றிருக்கிறார்கள். ஒளித்துக் கொண்டுபோனால் அதுதான் திருட்டு என்று சொல்லிவிட்டு, அவரே கொண்டுபோய் செக்யூரிட்டியிடம் கொடுத்திருக்கிறார். வீட்டில் இருந்ததைத் தானே கவனிக்காமல் பையில் போட்டுவிட்டதாக எழுதியும் கொடுத்தார். பட்டியல் ஒட்டினார்கள். அவர் பெயர் இல்லை. கான்ட்ராக்டர் அவருடைய கேட் பாஸையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கேமரா விசாரணையில் மாட்டிக்கொண்டதால், கிளம்பிக்கொண்டிருந்த சாருக்கு விலையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

“அந்தச் சீட்டைக் காட்டியிருந்தா, புள்ள விளையாட்டுன்னு விட்டிருப்பாங்களோ என்னவோ” என்றாள் அம்மா. “ஒம்பது வயசுப் புள்ளையக் கூட்டிக்கினு வா, விசாரிக்கணும்னு சொல்லிடுவாங்கன்னு பயந்துட்டாரு. கை கழுவுற இடத்துலயே கிழிச்சுப் போட்டுட்டாராம். உன் காதுல விழவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

அப்பா அதன் பிறகு பெர்மனென்ட் ஆகவே இல்லை. சூளகிரிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் இன்றைக்கும் லேத் ஓட்டுகிறார். இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறார். அவரிடம் இதைப் பேச நான் பலமுறை வாயெடுத்திருக்கிறேன். என்னம்மா என்று அவர் நிமிர்ந்து பார்த்ததும், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். மன்னிப்புக் கேட்டால், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துபோகும். இத்தனை வருஷம் அவர் கட்டிக் காத்த ஒன்றை நானே போட்டு உடைத்த மாதிரி ஆகிவிடும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

கேமரா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் அப்பா வேலைக்குப் போகவில்லை. கம்பெனியில் லீவு என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடிவருவேன். அவரை வாசற்படியில் உட்கார வைத்துப் படமாக எடுத்துத் தள்ளுவேன். என் சின்ன வயசிலேயே அதைவிடச் சந்தோஷமான மாதம் ஒன்று இருந்ததாக நினைவில்லை. அந்தப் படங்கள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. நல்ல கேமரா, அப்பா சொன்னது சரிதான், ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாகத் தெரிகிறது. எல்லாப் படத்திலும் மத்தியானம் ஒன்றேகால் மணி வெயில். எல்லாப் படத்திலும் அவர் கேமராவைப் பார்க்காமல் கம்பெனி பஸ் வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் பாருங்கப்பா, இந்தப் பக்கம் பாருங்கப்பா என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிடும். அப்பாவுக்கு போஸ் கொடுக்கவே தெரியவில்லை என்று உள்ளே போய் அம்மாவிடம் புகார் சொல்வேன்.