ஏழாவது எண்

எனக்கு வாய் நீளம். கொட்டினால் அள்ள முடியாது என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். ஆவூர் ஈஸ்டர் தேருக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்த அண்ணன், ஒரு வெள்ளிக்கிழமை சவூதியிலிருந்து போன் செய்து, லீவு கிடைக்கவில்லை என்றான். எப்போதும் போல நம் ஊர் நேரம் காலை பதினோரு மணி. “நீ வந்தா என்ன, வராட்டி என்ன? நீ இல்லாமலே எங்களுக்குப் பழகிருச்சு” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நாலாம் நாள், வேலை பார்த்த கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துபோனான்.

அவன் சாமான்களோடு ஒரு சிடி வந்தது. அறையில் கூடத் தங்கியிருந்த விராலிமலைத் தம்பியின் லேப்டாப்பில், அம்மாவுக்காகப் பேசிப் பதிவு செய்தது. “தங்கச்சி இருக்கா, எனக்கென்னம்மா கவலை? அவளை மாதிரி ஒன்னய யாரு பாத்துக்குவா?” என்று சிரிக்கிறான். கோப்பில் அதே வெள்ளிக்கிழமை, நேரம் 10:10. அங்கே பத்து பத்து என்றால் இங்கே பன்னிரண்டு நாற்பது. நான் அப்படிப் பேசிய பிறகும் என்னைப் பற்றி இப்படிச் சொல்லியிருக்கிறானே! அந்த ஆறுதலில்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

போன மாதம், கீறல் விழுவதற்குள் அதைப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள், சும்மா இருப்பேனா? சிடிக்குள் எழுதியிருந்த எண்களைத் திறந்து பார்த்தேன். ஒரு கோப்பின் நேரம் அதில் ஏழு எண்களாக இருக்கும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. ஏழாவது எண், அந்தக் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட எத்தனை கால் மணி முந்தி ஓடுகிறது என்பதைச் சொல்லும். சவூதிக்குப் பன்னிரண்டு, நமக்கு இருபத்திரண்டு. சிடியில் இருந்தது இருபத்திரண்டு.

நம்பாமல் விராலிமலைத் தம்பிக்குப் போன் போட்டேன்.

“ஆமாக்கா, லேப்டாப்புல நம்மூரு டயம்தான் வச்சிருந்தோம். வீட்டுக்கு எப்பப் பேசலாம்னு பாக்குறதுக்கு அதான் தோது. ஏங்க்கா கேக்குறீங்க?”

சும்மாதான் என்றேன்.

அந்தப் பத்து பத்து நம் ஊர்ப் பத்து பத்து. பதினோரு மணிக்கு என்னோடு பேசப்போகிற சந்தோஷத்தில் அவன் சிரித்திருக்கிறான். நான் சொன்னதைக் கேட்டபின் அண்ணன் பேசிய ஒரு சொல்கூட எங்கள் வீட்டில் இல்லை.