மலையைப் பார்த்துப் போகும் சாரல்

ஆடி மாதம் குற்றாலத்துக்குப் போய்விட்டு அருவியில் தலை நனைக்காமல் திரும்பி வந்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குளிக்கப் போகவில்லை. ஒரு சண்டைக்குச் சாட்சி தேடிப் போனேன். போன ஆடியில் நடந்தது இது. சாரல் காலத்தில் அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் தகவல்களும் நடுநடுவே வரும். அவசரக்காரர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. (கொஞ்சம் உண்டு.)

முதலில் சண்டை. பழைய படங்களைச் சுத்தம் செய்து, வீட்டில் பார்ப்பதற்கு டிவிடி வட்டாக வெளியிடும் ஒரு சிறிய நிறுவனத்துக்குச் சென்னையில் வேலை செய்து கொடுக்கிறேன். படித்து வந்த வேலை இல்லை. வில்லிவாக்கத்தில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தேன், டெக் ரிப்பேர் பார்த்தேன். கடை போனபின், பழைய படங்களின் கீறலையும் அழுக்கையும் கம்ப்யூட்டரில் ஃப்ரேம் ஃப்ரேமாக எடுக்க நானே கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை என்பதால் யாரும் என்னைத் திருத்தவும் முடிவதில்லை.

இந்த முறை வந்தது 'அருவிக்குப் போன ஆட்டுக்குட்டி' என்ற பதினோரு நிமிடக் கார்ட்டூன் படம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு மாடி அறையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து கையால் வரைந்தது. இயக்குநர் இப்போது இல்லை. நெகட்டிவும் இல்லை. மிஞ்சியது ஒரே ஒரு பிரதி, அதுவும் கீறல் விழுந்தது. கதை இவ்வளவுதான்: ஓர் ஆட்டுக்குட்டி குற்றாலத்துக்கு நடந்து போகிறது. படத்தில் இடதுபுறம் மலை, வலதுபுறம் ஊர். நல்ல வெயில். திடீரென்று சாரல் பிடிக்கிறது. குட்டி ஒரு சேம்பிலையைப் பறித்துக் குடை போலச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மலையை நோக்கி நடக்கிறது.

நான் மெதுவாகச் செய்கிறேனாம். அந்தக் காட்சியை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கி மென்பொருளிடம் கொடுத்துவிட்டார்கள். அதன் புத்தி மிக எளிமையானது. ஒரு கோடு முந்தின ஃப்ரேமிலும் இல்லை, அடுத்த ஃப்ரேமிலும் இல்லை, நடுவில் மட்டும் இருக்கிறது என்றால் அது அழுக்கு, அழித்துவிடு. கையால் வரைந்த சாரல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில்தானே விழும்? அத்தனையும் போய்விட்டது. மொட்டை வெயிலில் ஆட்டுக்குட்டி கிறுக்குப் பிடித்தது போல இலையைத் தூக்கிக்கொண்டு போகிறது.

ஒரு சொல்லும் இதில் சேர்ந்து சதி செய்தது. கீறல் விழுந்த பிரதி ஓடினால் "படத்துல மழை பெய்யுது" என்பது தியேட்டர்க்காரர்கள் பேச்சு. அந்தப் பேச்சை அந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோனவன் நான். வேலைக்குறிப்பில் "மழையை எடுக்கவும்" என்று எழுதியதும் நான். கீறலை எடுக்கச் சொன்னால் மழையையே எடுப்பார்கள் என்று யார் கண்டது? இதில் என் தப்பு எதுவும் இல்லை.

அங்கே பொறுப்பில் இருக்கும் பிரதீப் நல்ல பையன்தான். அதனால்தான் இவ்வளவு நாள் சண்டை போட முடிகிறது. அவன் திரையைக் காட்டினான்.

"அங்கிள், தரையில நிழல் பாருங்க, எவ்வளவு கறுப்பா விழுந்திருக்கு. வெயில் அடிக்குது. வெயில்ல எப்படி மழை வரும்? அது கீறல்தான்."

"குற்றாலத்துல வரும்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. "அது இப்ப எதுக்கு?" என்றேன்.

கடைசியில் அவன் இறங்கி வந்தான். "படத்துல வேலை பார்த்தவங்க யாராவது அது மழைதான்னு சொல்லட்டும், திருப்பிப் போட்டுடலாம். ஆனா திங்கட்கிழமை வட்டு அச்சுக்குப் போகுது. அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

விசாரித்ததில் ஒருவர்தான் அகப்பட்டார். சாரலை வரைந்த கோமதி. பிற்பாடு ஊர்ப் பக்கம் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, பண்பொழியில் இருக்கிறார். போன் செய்தேன். "எனக்குக் காது மந்தம், நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டார். வியாழன் இரவே ரயில் ஏறினேன்.

சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் இரவு ரயில்தான் வசதி. படுக்கை டிக்கெட் நானூற்றுச் சொச்சம், தட்கல் என்றால் நூறு ரூபாய் கூட. சீசன் சமயத்தில் இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு மேல் படுக்கை கொடுத்தார்கள். புகார் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. காலை எட்டு மணி சுமாருக்குத் தென்காசி. இறங்கியதும் மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. தலைக்கு மேலே நல்ல வெயில்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர் பையை வாங்கிக்கொண்டார். இசக்கி என்று பெயர், நாற்பது வயது இருக்கும்.

"மெயின் அருவியா, ஐந்தருவியா அண்ணாச்சி? மெயின்ல இப்ப குளிக்க விட மாட்டாவ. தண்ணி கூடிட்டுது."

"பண்பொழி."

"திருமலைக் கோயிலுக்கா?"

"கோமதி டீச்சர் வீட்டுக்கு."

"ரிவர்ஸ் டீச்சரா!" என்று திரும்பிப் பார்த்தார். "எனக்கு எட்டாங்கிளாஸ்ல அவியதான் படம் வரையச் சொல்லிக்குடுத்தாவ. எனக்கு வரல, அது வேற விசயம்."

"ஏன் ரிவர்ஸ்?"

"எங்கிட்ட கேளுங்க, சொல்ல மாட்டேன். அவியள்ட்ட கேளுங்க, வெளிய தள்ளிருவாவ."

அன்று முழுவதும் வண்டி கூடவே இருக்க எண்ணூறு ரூபாய் பேசினோம். செங்கோட்டை வழியாகப் பண்பொழி பதினைந்து கிலோமீட்டர் என்பது இசக்கி கணக்கு. செங்கோட்டையைத் தாண்டித் தென்னந்தோப்புகள் வந்தபோது அது நடந்தது. ரோட்டில் ஆட்டோவின் நிழல் கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் முகத்தில் பூப்பூவாகத் தண்ணீர். வண்டியை நிறுத்தச் சொல்லிப் போனை எடுத்தேன்.

"எதுக்கு அண்ணாச்சி வெறும் ரோட்டப் படம் பிடிக்கீங்க?"

"வெயில்ல மழை பெய்யும்னு நிரூபிக்க."

"இதுக்குப் போயி சாட்சியா? எங்க ஊர்ல மழை மேல யாரும் கேஸ் போட மாட்டாவளே!"

நிழலும் சாரலும் ஒரே படத்தில் தெளிவாக விழுந்தன. பிரதீப்பின் முகத்தை நினைத்துக்கொண்டே மீதித் தூரம் போனேன்.

கோமதி டீச்சருக்கு எழுபது தாண்டியிருக்கும். திடமான உடம்பு. காது மந்தமும் பொய், போனில் பேசப் பிடிக்காது, அவ்வளவுதான். காபி கொடுத்துவிட்டு மேசையைத் துடைத்தார். நான் மடிக்கணினியைத் திறந்து, நிறுவனம் 'சுத்தம்' செய்த காட்சியைப் போட்டேன். அவர் கொதித்து எழுவார், அதை அப்படியே பதிவு செய்துகொள்ளலாம் என்று போனைக் கையில் வைத்திருந்தேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"அப்பாடா! அழிச்சிட்டாவளா? நல்லா இருப்பாவ."

எனக்கு விளங்கவில்லை. "அது நீங்க வரைஞ்ச சாரல், டீச்சர்."

"நாந்தான் வரைஞ்சேன். நாற்பது வருசமா அதுக்குத்தான் பேச்சு வாங்குதேன். எங்க, பழசப் போடுங்க." போட்டேன். அவர் விரல் திரையில் வலதிலிருந்து இடதுக்குப் போனது. "பாத்தேளா? மலை இந்தப் பக்கம். சாரல் எங்கன போகுது? மலையைப் பாத்துல்லா போகுது. சாரல் மேக்க மலையில இருந்து ஊருக்கு வரும். என் சாரல் ஊர்ல இருந்து மலைக்குப் போகுது."

மெட்ராஸில் வேலைக்குப் போய் மூன்று மழைக்காலம் பார்த்தாராம். அங்கே மழை கிழக்கே கடலிலிருந்து அடிக்கும். கை அதற்குப் பழகிவிட்டது. படம் தென்காசி தியேட்டருக்கு வந்தபோது வீட்டார் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சாரல் விழுந்ததும் தியேட்டரே சிரித்தது. பின் வரிசையிலிருந்து அவருடைய சொந்த அண்ணனே சத்தம் போட்டார்: "ஏட்டி கோமு, உன் மழை வீட்டுக்குத் திரும்பிப் போகுதுட்டி!" அப்புறம் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ரிவர்ஸ் டீச்சர்.

"ஒண்ணு, அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டும். இல்ல, சரியான பக்கம் திருப்பிப் போடுங்க. வரைஞ்சவ சொல்லுதேன்லா?"

"ரெண்டும் முடியாது" என்றேன். "என் வேலை அழுக்கை எடுக்கிறது. படத்தைத் திருத்துறது இல்ல."

"தப்பும் அழுக்குதான் அண்ணாச்சி."

"இல்ல. தப்பு படத்தோட சேர்ந்தது."

"எனக்காகத்தான சண்டை போட்டு வந்தீய? இப்ப எங்கூடயே சண்டை போடுதீய!"

"உங்களுக்காக வரல. சாரலுக்காக வந்தேன்."

சொன்னது கடுமைதான். ஆனால் உண்மை.  அவர் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "ஏலே இசக்கி, வண்டிய எடு. ஐந்தருவிக்குப் போவோம். இவியளுக்குச் சாரல்னா என்னன்னு காட்டணும்" என்றார்.

பண்பொழியிலிருந்து ஐந்தருவிக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. வண்டி நிறுத்துமிடம் நெரிசல், வெள்ளிக்கிழமைக்கே இப்படி என்றால் ஞாயிற்றுக்கிழமை நினைத்துப் பாருங்கள். இறங்கிக் கடைகளை நோக்கி நடந்தோம். நான் குடையை நேராகப் பிடித்திருந்தேன். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

"மேக்க சாய்ச்சுப் பிடிங்க. உங்க ஊரு மழையா இது, மேல இருந்து விழுததுக்கு?"

சாய்த்துப் பிடித்தேன். அதற்காக நான் விட்டுக்கொடுத்தேன் என்று அர்த்தமில்லை.

நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற கடையில் உள்பக்கமாக இடம் கிடைத்தது. மூன்று டீ சொன்னோம். டீச்சர் விடவில்லை.

"கம்ப்யூட்டர்ல சாரலை மட்டும் திருப்ப முடியும்லா?"

"முடியும். செய்ய மாட்டேன்."

"சவத்த, செய்யாண்டாம். போட்டுக் காட்டவாது செய்யுங்களேன்."

காட்டுவதில் தப்பில்லை. சின்னத் துண்டு ஒன்றை எடுத்து, சாரலை மட்டும் பிரித்துப் புரட்டி ஓடவிட்டேன். டீ ஆறிவிட்டது. இப்போது சாரல் மலையிலிருந்து ஊரைப் பார்த்து ஒழுங்காக விழுந்தது, வெளியே விழுந்துகொண்டிருந்ததைப் போலவே. டீச்சர் முகம் மலர்ந்தது.

பிறகு மாறியது.

சாரல் நேராக ஆட்டுக்குட்டியின் முகத்தில் அடித்தது. குட்டியோ இலையை முதுகுப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூட மூடாமல் குஷியாக நடந்தது.

"டீச்சர், ஆடு இலையத் தப்பால்லா பிடிச்சிருக்கு!" என்று இசக்கி சிரித்துவிட்டார். "கூறுகெட்ட ஆடு!"

"அத நிறுத்துங்க" என்றார் டீச்சர். நிறுத்தினேன். 

"குட்டிய ராஜாமணி வரைஞ்சான்" என்றார். "என்னைவிடச் சின்னவன். இப்ப இல்ல. இலைய வரையறதுக்கு முன்னால எங்கிட்ட வந்து கேட்டான். 'அக்கா, நீங்கதான குற்றாலத்துக்காரங்க, சாரல் எந்தப் பக்கம் இருந்து வரும்?' நான் வேலை மும்முரத்துல கைய இப்படிக் காட்டினேன்." வலதிலிருந்து இடதுக்குக் காட்டினார். "அவன் மறுபேச்சு பேசல. ஒரு சொட்டு குட்டி மேல படாம அத்தனை படமும் போட்டான்."

நான் மடிக்கணினியை மூடினேன். 

"நான் இப்ப சாரலைத் திருப்பினா, தப்பு அவன் தலையில போயி விழும். பாக்குதவன் அவன் ஆட்டைப் பாத்துல்லா சிரிப்பான்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இருந்தது மாதிரியே இருக்கட்டும். என்னைப் பாத்தே சிரிக்கட்டும். எனக்குப் பழக்கம்தான். ஆனா பேர் போடணும்."

பழைய டைட்டிலில் இயக்குநர் பெயருக்கு அடுத்தது 'மற்றும் குழுவினர்' மட்டும்தான். "டைட்டில்ல கை வைக்க மாட்டேன்" என்றேன். "அது அன்னைக்கு இருந்தபடிதான் இருக்கும்."

"நீங்க என்ன மனுசரய்யா!"

"வட்டோட அட்டையில போடச் சொல்றேன். அது புதுசு, அதுல போடலாம்."

"என் பேரு மட்டும் வேண்டாம். ராஜாமணி பேரும்."

அங்கிருந்தே பிரதீப்புக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். பிடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய், அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "தம்பி, அது சாரல்தான். நாந்தான் வரைஞ்சேன். வெயிலா? இங்கன இப்பவும் வெயில்தான், நனைஞ்சிக்கிட்டுத்தான் பேசுதேன். எடுத்தத மறுபடியும் போட்டிரு, என்னா?"

அன்று மாலை ரயிலிலேயே திரும்பினேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிரதீப்பும் நானும் உட்கார்ந்து, சுத்தம் செய்யாத மூலத்திலிருந்து சாரலை ஃப்ரேம் ஃப்ரேமாகக் கொண்டுவந்து சேர்த்தோம். நேராக நிற்பது கீறல், சாய்ந்து விழுவது சாரல். பிரித்தெடுக்கக் கண் போதும். முடிக்கிற நேரத்தில் பிரதீப், நான் ரோட்டில் எடுத்த படத்தையும் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு யோசித்தான்.

"அங்கிள், நீங்க எடுத்ததுல மலையில இருந்து வருது. படத்துல மலைக்குப் போகுதே. திருப்பிடவா? ஒரு நிமிஷ வேலை."

"தொடாதே" என்றேன். பிறகு காரணமும் சொன்னேன். அவன் குட்டியின் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். வேலைக்குறிப்பில் இருந்த 'மழை' என்ற சொல்லை அடித்துவிட்டுக் 'கீறல்' என்று அவனே எழுதினான். அதையும் நான் கேட்கவில்லை.

வட்டு வந்துவிட்டது. அட்டையின் பின்பக்கம் 'சாரல்: கோமதி, ஆட்டுக்குட்டி: ராஜாமணி' என்று இருக்கிறது. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதை நான் சும்மா விடப்போவதில்லை.

போகிறவர்களுக்கு: குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள். மெயின் அருவியில் தடை இருக்கிறதா என்று தென்காசியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். போனுக்குப் பாலித்தீன் உறை வேண்டும். வெயிலை நம்பிக் குடையை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குடையை மேற்கே சாய்த்துப் பிடியுங்கள். திரும்பி வந்து வட்டைப் போட்டுப் பார்க்கும்போது ஆட்டுக்குட்டி கிழக்கே சாய்த்துப் பிடித்திருக்கும். சிரிக்கலாம், டீச்சருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நன்றாகப் பாருங்கள். அதன் மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.