‘அவசரம் இல்லை’ என்று நான் சொன்னது

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆவணி மாதம். ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவின் சூப்பர்வைசராக இருந்தேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பிழைக்க வந்த இடத்தில் மத்திகிரியில் வாடகை வீடு. வேலைக்கு நடுவே அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழும் முடித்திருந்தேன். பழைய காவியங்கள் என்றால் எனக்கு உயிர். அதிலும் ஒரு பாத்திரம் ஏன் அப்படிச் செய்தது, அதன் மனதுக்குள் என்ன ஓடியது என்று துருவுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் இன்றும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். என்னோடு வேலை பார்க்கும் இருவர், ஒரு பஸ் கண்டக்டர், பாகலூர் பக்கத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு டீச்சர், இன்னும் சிலர். ஒரு காவியத்தை எடுத்துப் பகுதி பகுதியாகப் படித்துப் பேசுவோம். அங்கே என் ஆயுதம் தொழிற்சாலையிலிருந்து கொண்டுபோனது. எங்கள் வேலையில் ஒரு பொருள் பழுதானால் ‘ஒய்-ஒய் ஷீட்’ என்று ஒரு தாளை எடுப்போம். ஏன் பழுதானது? அதற்கு ஒரு பதில். அந்தப் பதில் ஏன்? இப்படி ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் ஆணிவேர் கிடைத்துவிடும் என்பது கணக்கு. அதையே நான் ராஜாக்களுக்கும் மந்திரிகளுக்கும் போட்டுப் பார்ப்பேன். கண்டக்டர் எனக்கு ‘காவிய சி.ஐ.டி.’ என்று பெயர் வைத்திருந்தார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார், நான் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதம் நாங்கள் படித்த காவியத்தின் பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அதில் ஒரு தோழி வருகிறாள். அரசி அவளிடம் ஒரு சேதி சொல்லித் தளபதியிடம் அனுப்புகிறாள். தோழி தளபதியின் வாசல் வரை போகிறாள், சேதியைச் சொல்லாமலே திரும்பி வந்துவிடுகிறாள். அதனால் போர் மூள்கிறது. தோழி ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் அடுத்த ஞாயிறு நான் பேச வேண்டிய தலைப்பு. என் தீர்ப்பு தயாராக இருந்தது. சொல்ல வேண்டிய இடத்தில் வாய் மூடியவள் வேண்டுமென்றேதான் மூடியிருப்பாள். காரணம், அரசிமேல் பொறாமை.

அந்த வாரம்தான் தொழிற்சாலையில் அந்த விஷயம் நடந்தது. என் பிரிவில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நான்கு மாதமாக வேலை பார்த்தாள். காண்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் கை சுத்தம், கண் கூர்மை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. திங்கட்கிழமை என்னிடம் வந்து தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு ஒருநாள் லீவு கேட்டாள். மாதக் கடைசி, சரக்கு போக வேண்டிய நெருக்கடி. முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப்போய்த் திரும்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மெஷினில் துளை போடும் டூல் தேய்ந்துபோய் மாற்றினார்கள். டூல் மாற்றினால் அதற்கு முன்னால் ஓடிய சரக்கை மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அந்தப் பெண் அளந்துகொண்டிருந்தாள். ஓரமாக இன்னும் இரண்டு ட்ரே இருந்தன. நான் அந்தப் பக்கம் போனபோது கேட்டாள்.

“சார், இந்த ரெண்டு ட்ரே கூட செக் பண்ணணுமா?”

“அவசரம் இல்லம்மா. நீ இத முடி” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அவள் கையிலிருந்ததை முடித்தாள். ஓரத்திலிருந்த இரண்டு ட்ரேக்களையும் அளக்காமலே ‘ஓகே’ என்ற பச்சை அட்டையை மாட்டி அனுப்பிவிட்டாள். புதன்கிழமை மதியம் அத்திப்பள்ளியைத் தாண்டியிருந்த வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தது. துளை சிறிதாகிப்போன உதிரிபாகம் அவர்கள் மெஷினுக்குள் போய், ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலை நின்றுவிட்டதாம். எங்கள் மேனேஜர் போட்ட சத்தம் கேண்டீன் வரை கேட்டது.

விசாரணை என் பொறுப்பு. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

“அளக்காம எப்படிம்மா பச்ச அட்ட மாட்டுன?”

“நீங்கதான சார் அவசரம் இல்லன்னு சொன்னீங்க” என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் நினைவு வைத்திருக்கிறாள். அவசரம் இல்லை, மெதுவாகச் செய் என்று சொன்னது அவளுக்கே தெரிகிறது, பிறகும் செய்யவில்லை. இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டுமா? அப்படியே எழுதிக்கொண்டேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள், நான் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

ஒய்-ஒய் ஷீட்டை எடுத்தேன். ஏன் பழுதான சரக்கு போனது? அளக்கவில்லை. ஏன் அளக்கவில்லை? மனமில்லை. ஏன் மனமில்லை? கோபம். ஏன் கோபம்? லீவு தரவில்லை. அந்தக் கோபத்தை ஏன் வேலையில் காட்டினாள்? என்னைச் சிக்கவைக்க. ஐந்து ஏனுக்கும் ஐந்து பதில், ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியது. கடைசி வரியில் ‘வேண்டுமென்றே செய்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காண்ட்ராக்ட் ஆளுக்கு அந்த வார்த்தை போதும். அடுத்த திங்கட்கிழமை காலை வந்து அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். இந்தக் குறிப்போடு வெளியே போனால் அந்த வட்டாரத்தில் வேறு கம்பெனி வாசலைக்கூட மிதிக்க முடியாது. அது எனக்குத் தெரிந்தேதான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, தோழியைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். பேச்சு சூடு பிடித்ததும் சும்மா இருக்க முடியவில்லை. ‘மனித மனம் அன்றும் இன்றும் ஒன்றுதான்’ என்று ஆரம்பித்து, பெயர் சொல்லாமல் இந்தப் பெண்ணின் கதையையும் உதாரணமாக எடுத்துவிட்டேன். ட்ரே, பச்சை அட்டை, அவள் சொன்ன பதில் எல்லாவற்றையும் ரசித்து ரசித்துச் சொன்னேன். கண்டக்டர் கைதட்டினார்.

கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

“சார், ஒரு நிமிஷமுங்க. அந்தப் பொண்ணு எந்த ஊரு?”

“பாகலூர் பக்கம்.”

“வீட்டுல என்ன பேசுவாங்க?”

“தெலுங்குன்னு நினைக்கேன். பத்தாவது வரைக்கும் தெலுங்குலதான் படிச்சிருக்கா. ஏன் டீச்சர்?”

“நானும் வீட்டுல தெலுங்குதானுங்க. எங்க பாஷையில அவசரம்னா தேவைன்னு அர்த்தம். ‘அவசரம் இல்ல’ன்னா ‘தேவையில்ல’. அந்தப் பொண்ணு செக் பண்ணணுமான்னு கேட்டிருக்கு, நீங்க தேவையில்லன்னு சொல்லியிருக்கீங்க.”

என் ஷிஃப்ட்டில் பாதிப் பேர் கன்னடக்காரர்கள். கன்னடத்திலும் அவசரம் என்றால் நம் அர்த்தம்தான் என்பதால் யாருக்கும் பொறி தட்டவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. நாலு மாசமா நல்லாத் தமிழ் பேசுறாளே என்று வாதாடினேன்.

“நான் பதினஞ்சு வருஷமா தமிழ்ல கணக்கு நடத்துறேனுங்க. பெரிய அதிகாரி முன்னால நின்னா இன்னிக்கும் தெலுங்குதான் காதுல முதல்ல விழும்” என்றார் டீச்சர். பிறகு என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டி, “அது போகட்டும், உங்க தோழி எந்த நாட்டுக்காரின்னு அதுல போட்டிருக்குதுங்களா?” என்று கேட்டார்.

புரட்டினேன். போட்டிருந்தது. அரசியோடு சீதனமாக அந்நிய நாட்டிலிருந்து வந்தவள் என்று முதல் பகுதியிலேயே இருந்தது. பத்து முறை படித்த வரி. அந்தத் தளபதியின் வாசலில் காவலாளி எந்த மொழியில் என்ன கேட்டான், அவள் காதில் அது எப்படி விழுந்தது என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட்டுக்கு முன்னாலேயே பர்சனல் ஆபீசரின் அறை வாசலில் நின்றேன். அவர் சேலத்துக்காரர், நிதானமான மனிதர். அறிக்கையைத் திரும்ப வாங்க வேண்டும் என்றதும் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“எழுதுனது நீங்கதானுங்களே? அப்ப தப்பு யாரு மேலன்னு போடுறது?”

“என் மேல போடுங்க சார்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா? உங்க ப்ரமோஷன் இந்த வருஷம் வருதுங்க.”

யோசித்துவிட்டேன் என்றேன். அது பொய். யோசித்தால் பின்வாங்கிவிடுவேன் என்று பயந்து, யோசிக்காமலே ஓடி வந்திருந்தேன். வேறொரு தாளில் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ கிடைத்தது, ப்ரமோஷன் ஒரு வருடம் தள்ளிப்போனது. வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எழுதியது சரி என்பதில் அன்றும் இன்றும் எனக்குச் சந்தேகமே இல்லை.

பத்து மணிக்கு அந்தப் பெண் கேட் அருகே அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். நானே போனேன். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டு, அவசரம் என்ற வார்த்தை எங்கள் இருவரையும் எப்படிக் கவிழ்த்தது என்று விளக்கினேன். கேட்கக் கேட்க அவள் கண்கள் விரிந்தன. நன்றி சொல்வாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“நானும் உங்கள தப்பா பேசிட்டேன் சார்.”

“என்னம்மா பேசுன?”

“வீட்டுல எல்லாரும் உக்காந்து பேசினோம். நீங்க வேணும்னேதான் செக் பண்ண வேணாம்னு சொல்லிட்டு, அப்புறம் என் மேல எழுதிட்டீங்கன்னு. பர்மனென்ட் லிஸ்ட்ல எனக்கு அடுத்த பேரு உங்க ஊரு பொண்ணு. நான் போனா அதுக்கு இடம் கெடைக்கும். அதுக்குத்தான் லீவும் தரல, எனக்குக் கோவம் வரட்டும், கோவத்துல செஞ்சேன்னு எழுதிடலாம்னு. எங்க அப்பா சொன்னாரு, எல்லாம் சரியா இருக்குன்னு நாங்களும் நம்பிட்டோம்.”

பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயர் விருதுநகர்ப் பெண்தான். அந்தப் பெண்ணுக்காக இரண்டு மாதம் முன்னால் சிபாரிசுக் கடிதம் எழுதியதும் நான்தான். லீவு மறுத்தது நான், தேவையில்லை என்று சொன்னது நான், விசாரித்ததும் நான், தீர்ப்பு எழுதியதும் நான். வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் வேறெப்படித் தோன்றும்?

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடமாகக் காவியங்களை அலசிக்கொண்டுதான் இருக்கிறேன், முன்னைவிட நன்றாகவே அலசுகிறேன். ஆனால் யாருடைய மனதையாவது கண்டுபிடித்துவிட்டதாக நிமிரும்போதெல்லாம், பாகலூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து என் மனதைக் கண்டுபிடித்தது ஞாபகம் வருகிறது: அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை, ஆனால் எல்லாமே பொருந்தியிருந்தது.