பொம்மைக்குக் கொசுவம் வைத்தவர்

பிள்ளையார்பாளையத்தில் புடவை வாங்கப் போன வீட்டில்தான் அந்த நெசவாளரைப் பார்த்தேன். முறுக்கு மீசை, காதில் செருகிய பென்சில். தறியருகே உட்கார்ந்து, ஒரு பொம்மைக்கு மிச்சப் பட்டுத்துண்டைப் புடவையாகக் கட்டிக்கொண்டிருந்தார். கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் நீவினார்.

“பொண்ணோடதா?” என்று கேட்டேன்.

“என் பையனோடதுமா. கட்டிவுடுன்னு அழுதுக்கினு இருந்தான்.”

“ஆம்பளப் புள்ளைக்குப் பொம்மையா?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தறியில் பாதி நெய்திருந்த அரக்குப் புடவையைக் காட்டினார். “நாள் முழுக்க பொடவதான் நெய்யறேன். எனக்கு இன்னா கொறஞ்சு போச்சு?”

என் மகனின் பொம்மையைப் பிடுங்கி பீரோ மேல் ஒளித்துவைத்தவள் நான். அதை அவரிடம் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

கிளம்பும்போது கையகலப் பட்டுத்துண்டு ஒன்றை நீட்டினார். “இதையும் எடுத்துக்கினு போங்கமா. உங்க வூட்டு பொம்மைக்கு.”

என் முகமே சொல்லிவிட்டதா என்ன?