வராதவரின் சீட்டு

திருகோணமலை உள்துறைமுக வீதியில் குணமணி நடத்திய தொலைபேசிக் கடையில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று வாடிக்கையாளருக்கு. மற்றது, அவள் உலகத்தைப் பிடிப்பதற்கு. இணையத்தில் பல நாட்டுக்காரர் சேர்ந்து ஆடும் போர் விளையாட்டு அது. திரையில் ஒரு வரைபடம். அவரவர் முறைக்குக் கிடைக்கும் சிறு படையை நகர்த்த வேண்டும். ஒரு நாட்டைப் பிடித்தால் ஒரு சீட்டு, சீட்டுகள் சேர்ந்தால் மேலதிகப் படை. வெளியே நிஜச் சண்டை நடக்கும்போது இதென்ன விசர் என்று தங்கை நல்லம்மா கேட்பாள். இதில் ஒருவரும் சாகிறதில்லை என்பாள் குணமணி.

அவளுடைய கூட்டாளி மூதூர் லாபிர், மீன்வலை விற்பவர். குடாவுக்கு அக்கரையிலிருந்து ஆடுவார். தொலைபேசியில் கதைப்பதோடு சரி, நேரில் கண்டதில்லை.

விளையாட்டை நடத்திய வெளிநாட்டுக்காரர், சீட்டுச் சட்டங்களைச் சீர்செய்ய ஆட்டக்காரரிடம் யோசனை கேட்டார். குணமணி முந்திக்கொண்டாள். முறைக்கு வராதவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் இருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து பேக்கரி அபூதாஹிர், ஊரடங்கிலோ சோதனைச் சாவடியிலோ மாட்டிக்கொண்ட வாடிக்கையாளருக்குப் பாண் எடுத்து வைப்பவர். “வரல்லயெண்டா ஏலாமத்தான் வரல்ல” என்பார். குணமணி அதையே சட்டமாக எழுதி அனுப்ப, வெளிநாட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். முறை தவறியவருக்கும் ஒரு சீட்டு எடுத்து வைக்கப்படும்.

வரக்கூடிய ஆளே வேண்டுமென்று வராமல் இருப்பான் என்பது திருகோணமலையில் இருந்த ஒருத்திக்கு எப்படித் தோன்றும்? கரண்டும் போகாத, வழியில் ஒருவரும் மறிக்காத ஊர்களில் இருந்த கனவான்கள் பேசாமல் படுத்திருந்து சீட்டுச் சேர்த்தார்கள். பிறகு ஒரேயடியாக எழும்பி, ஒழுங்காக ஆடியவர்களைத் துடைத்தெடுத்தார்கள். குணமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமைக்குள் அவள் இதைத் திருத்தாவிட்டால் சட்டத்தை எடுத்துவிட்டு, நெடுநாள் வராதவர்களை வரைபடத்திலிருந்தே நீக்கிவிடுவதாக வெளிநாட்டுக்காரர் அறிவித்தார்.

அந்த நேரம் பார்த்து மூதூரில் சண்டை மூண்டிருந்தது. சனம் கந்தளாய்ப் பக்கம் ஓடியது. லாபிரின் தொலைபேசி அடங்கிப் போயிற்று. வரைபடத்தில் அவருக்கு மிஞ்சியது ஒரு தீவு. பெயருக்குப் பக்கத்தில் எடுத்து வைத்த சீட்டுகள் குவிந்துகொண்டிருந்தன. அந்தப் பெயர் அழிந்தால் ஆளும் இல்லை என்று ஆகிவிடும்போல அவளுக்குப் பயமாக இருந்தது. இது அசட்டுத்தனம் என்று தெரிந்தும் பயம் போகவில்லை.

“உங்கட ஆளை மட்டும் விடச் சொல்லி எழுதுங்கோவன்” என்றாள் நல்லம்மா.

“ஆளுக்கொரு சட்டம் ஏலாது.”

வெள்ளிக்கிழமை பாண் வாங்கப் போனவள், அபூதாஹிரின் தட்டில் எடுத்து வைத்திருந்த பாண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவை தின்பதற்கு. வாங்கிப்போய்ச் சந்தியில் கடை போடுவதற்கல்ல. திரும்பி வந்து எழுதினாள்: எடுத்து வைத்த சீட்டுக்கு வரும் படை சொந்த மண்ணில் காவல் நிற்கலாம், எல்லை தாண்டி அடிக்க முடியாது.

வெளிநாட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். படுத்திருந்து லாபமில்லை என்று கண்டதும் கனவான்கள் ஒழுங்காக ஆட வந்தார்கள். லாபிரின் சீட்டுகளும் காவற்படையாகின. பழைய சட்டப்படி என்றால் ஆட்டத்தையே வென்றிருப்பார்.

சில மாதங்கள் கழித்து, மெலிந்த ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார்.

“நான் லாபிர். என்ட எடம் இரிக்கா, தங்கச்சி?”

“ஓம் நானா, இருக்கு” என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டுத் திரையைத் திறந்தாள். மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. “சட்டத்தை மாத்தினது நான்தான். இந்தப் படையால அடிக்க ஏலாது. நிக்க மட்டுந்தான்.”

அவர் தீவையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிவரக் காவல் நின்றது.

“மூதூருக்குப் போய்ப் பாத்தன். ஊட்டுல கதவு நிலையக்கூடக் கழட்டிக் கொண்டு போயிட்டானுகள்” என்றார். “இங்க ஒரு ஆளும் குறையல்ல.”

குணமணி தேத்தண்ணீர் போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள். அதற்குள் லாபிர், எல்லோருக்கும் முறைக்கு முறை கிடைக்கும் சில்லறைப் படையை எடுத்து, திரையில் பக்கத்திலிருந்த அவளுடைய துறைமுகத்தின்மேல் ஏவினார். பிடித்தும் விட்டார்.

அந்த வருஷத்தில் குணமணி சந்தோஷமாகத் தோற்றது அன்றைக்குத்தான்.